உலர்ந்த கடலட்டையின் தரம் அறிதல்

கடலட்டை பெயரளவில் அட்டையாயினும் குருதி உறிஞ்சும் அட்டையினத்தைச் சேர்ந்ததன்று. அது நட்சத்திர மீனுக்கு உறவான முட்தோலிப் பிராணியாகும். கடலடி மணலையும் சேற்றையும் விழுங்கி, அவற்றிலுள்ள மக்கிய பொருள்களை உணவாகக் கொண்டு, எஞ்சிய மணலை வெளியேற்றுகின்றது. நிலத்திற்கு மண்புழு எவ்வாறோ, கடலடிக்குக் கடலட்டை அவ்வாறே எனலாம்.

தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே அமைந்த பாராடாங் தீவின் கரையோரங்களில் கண்டல் காடுகளும் சேற்றுக் கழிகளும் மிகுதி. வாணிபத்தில் பெயர்பெற்ற வெள்ளை அட்டை, ஆழங்குறைந்த சேற்று மணற்பரப்புகளையும் கடற்புல் வளரும் இடங்களையும் விரும்பி வாழ்வது. ஆகவே இத்தகைய தீவுகளில் பணிபுரியும் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் இப்பிராணியை உயிருள்ள நிலையிலும் உலர்ந்த நிலையிலும் அறிந்திருத்தல் வேண்டும்.

பதப்படுத்தும் முறை

மன்னார் வளைகுடா, பாக் நீரிணைக் கரைகளில் இத்தொழில் நெடுங்காலம் நடைபெற்று வந்தது. சரக்கு பெரும்பாலும் சிங்கப்பூருக்கும் ஹாங்காங்கிற்கும் ஏற்றுமதியாயிற்று. வெள்ளை அட்டையின் உடலில் சிறு கீறலிட்டுக் குடலை நீக்குவர். பின்னர் வேகவைத்து, ஓரிரவு ஈரமணலில் புதைப்பர். அதனால் தோலின் மேலுள்ள சுண்ணாம்புப் படலம் இளகும். அதனைத் தேய்த்துக் கழுவிய பின் மறுபடியும் வேகவைத்து, சில நாட்கள் வெயிலில் உலர்த்துவர். உயிருள்ளபோது இருந்த நீளத்தில் பாதிக்கும் குறைவே எஞ்சும். எடையோ ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகக் குறையும்.

தரத்தின் அடையாளங்கள்

நல்ல சரக்கு உருளை வடிவாய், நேராய், இரு முனைகளும் மழுங்கி இருக்கும். முதுகுப்புறம் கருமையாகவும் குறுக்குச் சுருக்கங்களுடனும், வயிற்றுப்புறம் சற்று வெளிறியும் காணப்படும். கீறல் சிறியதாக இருத்தல் வேண்டும். வெண்ணிறச் சுண்ணாம்புத் தூள் படிந்திருத்தல், வயிற்றினுள் மணல் தங்கியிருத்தல், தோல் வெடித்தல், உடல் வளைதல், துர்நாற்றம் வீசுதல் ஆகியவை குறைகளாகும். இரண்டினை ஒன்றோடொன்று தட்டினால் மரக்கட்டையைப் போல் ஒலிக்க வேண்டும். மென்மையாக இருப்பின் ஈரம் உள்ளது. விரைவில் பூஞ்சணம் பிடிக்கும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது உருவத்தின் பருமையே. ஒரு கிலோவிற்கு எண்ணிக்கை குறையக் குறைய விலை உயரும். இதிலேயே கேடும் அடங்கியுள்ளது. பருத்த அட்டை என்பது முட்டையிடும் பருவமடைந்த தாயட்டையோ ஆணட்டையோ ஆகும். வெள்ளை அட்டை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம் எய்தும்போதுதான் முதிர்ச்சி பெறுகின்றது. ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் நீரிலேயே விடுகின்றன. அவை அருகருகே இல்லாவிடில் கரு உண்டாவதில்லை. எனவே சிறந்த சரக்கைத் தேடித் தேடி எடுக்குமிடத்தில், எஞ்சிய சில அட்டைகளும் பயனின்றிப் போகின்றன.

பாதுகாப்பு

மூன்று அங்குலத்திற்குக் குறைந்த உலர் அட்டையை ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு 1982இல் தடை செய்தது. அது சிறியவற்றைக் காத்ததேயன்றிப் பெரியவற்றைக் காக்கவில்லை. 1988இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் தூத்துக்குடியில் வெள்ளை அட்டையின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்து வெற்றி கண்டனர். எனினும் கடலிலுள்ள இனம் குறைந்துகொண்டே வந்தமையால், 2001 ஜூலையில் கடலட்டைகள் யாவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. அது முதல் இந்தியக் கடற்பகுதியில் அவற்றைப் பிடிப்பதும் பதப்படுத்துவதும் விற்பதும் குற்றமாகும். 2020இல் இலட்சத்தீவின் செரியபாணிக் கடற்பகுதியில் கடலட்டைகளுக்கெனவே ஒரு காப்பகம் அறிவிக்கப்பட்டது.

ஆதலின் தரம் அறியும் கலை இன்று நம் நாட்டில் வாங்குவோர்க்கு உரியதன்று, காப்போர்க்கே உரியது. மூட்டையில் பிடிபட்ட கருநிறப் பொருள் மரத்துண்டா, கருவாடா, கடலட்டையா என்பதை மேற்கூறிய அடையாளங்களால் ஊழியர் தெளிந்து, வனத்துறைக்குத் தெரிவிக்கலாம். துண்டுகளின் நீளத்தை அளந்து குறித்தால், எத்தகைய வயதுடையவை அழிக்கப்பட்டன என்பதும் புலனாகும்.

ஆசிரியர்கள் வற்றம் கண்ட கரையில் மாணவர்க்குக் கடலட்டையைத் தொலைவிலிருந்து காட்டி, அதன் பின்னே கிடக்கும் மணற்சுருள்களைச் சுட்டலாம். அதனைக் கையிலெடுத்தல் கூடாது. உலர்ந்த அட்டை ஒருமுறை விலைபோகும். உயிருள்ள அட்டையோ நாள்தோறும் கடலடியைத் தூய்மை செய்யும்.