தண்ணீர் தெளிவா இருந்தா போதுமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போர்வெல் தண்ணீர் குடிக்கிறீங்களா? அப்போ இது உங்களுக்குத்தான்.

ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற கன உலோகங்கள் சுரங்கம் உள்ள ஊரில் மட்டும்தான் இருக்கும் என்றில்லை. முலாம் பூசும் பட்டறை, பழைய பேட்டரி உடைக்கும் இடம் ஆகியவற்றின் கழிவை முறையாக அகற்றாவிட்டாலும் அவை நிலத்தில் இறங்கும். ராணிப்பேட்டையில் 1995-ல் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவு, அதன் பிறகும் பல ஆண்டுகள் நிலத்தடி நீரைக் கெடுத்தது.

ஈயம் கலந்தாலும் தண்ணீர் தெளிவாகவே தெரியும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. டிடிஎஸ் மீட்டரும் இதைக் காட்டாது. காட்மியம் சேர்ந்த மண்ணில் வளரும் கீரை, அதை இலையில் ஏற்றிக்கொள்ளும்.

என்ன செய்யலாம்?

• தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ‘கன உலோகப் பரிசோதனை’ என்று தனியாகக் கேளுங்க. மாதிரி எடுக்கும் முறையையும் முன்பே கேட்டுக்கோங்க.
• லிட்டருக்கு ஈயம் 0.01 மில்லிகிராம், குரோமியம் 0.05 மில்லிகிராம் தாண்டினால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீங்க.
• கழிவு கொட்டுவதைப் பார்த்தால், இடமும் தேதியும் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்க. 1100-க்கு அழைத்துப் புகார் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கோங்க.