வீட்டில் ஒருவருக்கு மனசு சோர்ந்துபோனால்...

அப்பா போய் ஏழெட்டு மாதம் இருக்கும். அம்மாவுக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்தது. ஈசிஜி, எக்கோ, ஸ்கேன், எண்டோஸ்கோப்பி என்று ஒன்றையும் விடவில்லை. எல்லாம் நார்மல். கடைசியாகப் போன ஆஸ்பத்திரியில் டாக்டர் ஃபைலை மூடிவிட்டு, "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, மனசை லேசா வெச்சுக்குங்க" என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா கேட்டாள்: "அப்போ நான் நடிக்கிறேன்னு சொல்றாரா?"

அது மனச்சோர்வு நோய் என்று எங்களுக்குப் புரிய இன்னும் மூன்று மாதம் ஆனது. அம்மாவுக்கு இது தொடங்கியதிலிருந்து ஒன்றரை வருடத்தில் தப்பும் தவறுமாக எங்கள் வீடு கற்றுக்கொண்டவை இவை. இன்னொரு வீட்டுக்காவது அந்த மூன்று மாதம் மிச்சமாகட்டும்.

1. உடம்பு சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். "எனக்கு மனச்சோர்வு" என்று நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை. தலை பாரம், நெஞ்சுப் படபடப்பு, கை கால் ஓய்ந்துபோச்சு, சோறு இறங்கலை என்றுதான் சொல்வார்கள். அந்த வலி நிஜம். எதிலும் பிடிப்பில்லாமை, பசியின்மை, விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு, காலையில் எழும்போதே பாரம் என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை வெறும் கவலை என்று விட்டுவிடக் கூடாது. ஆண்களுக்கு அழுகையாக வராமல் எரிச்சலாகவும் குடியாகவும் வெளிப்படுவது உண்டு.

2. இரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். தைராய்டு குறைவு, இரத்தசோகை, பி12 குறைபாடு மூன்றுமே மனச்சோர்வு போலவே ஆளைச் சாய்த்துவிடும்.

3. பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரையே நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினார், என்ன சாப்பிட்டார், அன்று குளித்தாரா என்று கட்டத்துக்குள் இரண்டே வார்த்தை போதும். டாக்டர் முன்னால் உட்காரும் பத்து நிமிடத்தில் எல்லாம் மறந்துபோகும். அம்மாவின் காலண்டரில் '2 இட்லி, 3 மணி' என்றே வரிசையாக இருந்ததைப் பார்த்துத்தான் மனநல மருத்துவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

4. "உனக்கென்ன குறைச்சல்?" என்ற கேள்வியை வீட்டை விட்டு விரட்டுங்கள். "தைரியமா இரு", "உன்னைவிடக் கஷ்டப்படறவங்க இல்லையா?" ஆகியவற்றையும்தான். நல்லெண்ணத்தில் சொல்கிறோம், ஆனால் கேட்பவருக்கு, தான் நோயாளி மட்டுமல்ல, நன்றி கெட்டவரும்கூட என்றுதான் படும். நானும் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் அம்மா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. "ரொம்ப முடியலையாம்மா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது பலன் தந்தது. எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்டால் பேச்சு வராது. கீரை ஆயும்போது, துணி மடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் தானாக வரும்.

5. ஓர் ஊரின் பெயரைத் திட்டாக்காதீர்கள். "கீழ்ப்பாக்கம் போகவேண்டியதுதான்" என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்தான், தனக்கு வரும்போது டாக்டரிடம் போகத் தயங்குகிறார். சென்னையில் அங்கே இருப்பது 1794-இல் தொடங்கி, இன்று ஏழை எளியவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஓர் அரசு மனநல மருத்துவமனை. குழந்தைகள் காதில் அந்தக் கேலி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. எங்கே போவது? மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரையும் இலவசம். கிளம்பவே தயக்கமாக இருந்தால் முதலில் 14416-க்கு ஃபோன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற இந்த அரசுச் சேவை 2022 அக்டோபர் 10-இல் தொடங்கியது. இராப்பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. வீட்டில் இருப்பவர்களும் கூப்பிட்டு யோசனை கேட்கலாம். எங்கே போகிறோம் என்பதை மறைத்து யாரையும் கூட்டிப்போகாதீர்கள். ஒரு தடவை ஏமாந்தவர் அடுத்த தடவை ஆட்டோவில் ஏறமாட்டார். "உனக்குத் தூக்கம் வரலைல்ல, அதைக் கேட்டுட்டு வரலாம்" என்றோம். அது உண்மைதான். அம்மாவும் வந்தாள்.

7. மாத்திரை விஷயத்தில் பொறுமை வேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி அரை மணியில் கேட்காது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகும். வயிற்றுப் புரட்டல், தலைச்சுற்றல் போன்ற தொந்தரவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். "மாத்திரை போட்டுத்தான் மோசமாயிடுச்சு" என்று பாதி வீடுகளில் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். சரியான பிறகும் இதே கதைதான். நான்காம் மாதம் அம்மா சிரித்துப் பேச ஆரம்பித்ததும், "இனி எதுக்கு?" என்று நாங்களே நிறுத்தினோம். தலை கிறுகிறுத்து, தூக்கம் போய், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. குணமான பிறகும் பொதுவாக ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போதும் டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். பழக்கமாகிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள், இதையும் தூக்க மாத்திரையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. எது என்ன மாத்திரை என்று டாக்டரிடம் கேட்டு அட்டையின் மேலேயே எழுதிவையுங்கள்.

8. கைக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள். உற்சாகம் வந்த பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் உற்சாகம் வராது. கை அசைய ஆரம்பித்தால் மனசு மெதுவாகப் பின்னால் வரும். மனநல மருத்துவர்களே சிகிச்சையின் பகுதியாகச் சொல்லித்தருவது இது. அம்மா மதுரைக்காரி, பேசிக்கொண்டே கண்ணை மூடியும் பூக்கட்டுவாள். அப்பா போனதிலிருந்து பூவைத் தொடவில்லை. ஒரு சனிக்கிழமை நூறு கிராம் உதிரி மல்லியும் நனைத்த வாழைநாரும் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, "சாமிக்குக் கட்டணும், எனக்குத்தான் கட்ட வராதே" என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒரு சாண் நீளம் கட்டியிருந்தாள். அங்கங்கே இடைவெளி, இரண்டு பூ தலைகீழாக இருந்தது. மீதிப் பூ தட்டிலேயே வாடிக்கொண்டிருந்தது. "அவ்வளவுதானா?" என்று கேட்காமல் சாமி படத்துக்குப் போட்டோம். அடுத்த வாரம் ஒரு முழம். உங்கள் வீட்டில் அது செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாக இருக்கலாம், சைக்கிள் துடைப்பதாக இருக்கலாம். அவர் முன்பு நன்றாகச் செய்த வேலையாகவும், பாதியில் விட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லாததாகவும் பார்த்துக் கொடுங்கள்.

9. இரவு எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுப்பி, வாசல் வெயிலில் கால் மணி நேரம் உட்காரவையுங்கள். மதியம் மூன்றுக்கு மேல் காபி, டீ வேண்டாம். செல்ஃபோன் கூடத்தில் தூங்கட்டும்.

10. படபடப்பு வரும்போது மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடவேண்டும். கூட இருப்பவரும் சேர்ந்து செய்தால்தான் அவர் செய்வார்.

11. பார்க்க வரும் சொந்தக்காரர்களை வாசலிலேயே ஒரு வார்த்தை சொல்லித் தயார்படுத்துங்கள். "என்ன இப்படி உருக்குலைஞ்சு போயிட்டே?" என்று ஆரம்பிக்கிற அத்தையை நான் காபி போட உதவிக்கு அழைத்துப் போய்ச் சொல்லிவைத்தேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

12. பிள்ளை பெற்றவள் அழுதால், முதல் இரண்டு வாரம் உடன் இருந்து தூங்கவிடுங்கள், பெரும்பாலும் தணிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தாலோ, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றாலோ, 'பச்சை உடம்பு, அப்படித்தான்' என்று தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். யாரோ பேசுவது போலக் காதில் கேட்கிறது, குழந்தையை ஏதோ செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றால் அன்றே போக வேண்டும்.

13. இதைத் தள்ளிவைக்காமல் படியுங்கள். "நான் இருந்து என்ன பண்ணப்போறேன்?" என்று ஒருவர் சொன்னால், "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் வரும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்து, எலிமருந்து, மிச்சமிருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள் அல்லது பூட்டிவையுங்கள். அந்த வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணியக்கூடியது. அந்த நேரத்தில் அவை கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பு, காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தது இதற்காகத்தான். ஏதாவது நடந்துவிட்டால் போலீஸ் கேஸுக்குப் பயந்து வீட்டிலேயே கைவைத்தியம் பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

14. கோயிலுக்கோ தர்காவுக்கோ போக வேண்டும் என்றால் போய் வாருங்கள். மாத்திரை டப்பாவையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியை அங்கேயே விட்டுவிட்டு வருவதும் கட்டிவைப்பதும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா பகுதியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதே ஏர்வாடியில் இப்போது பிரார்த்தனைக்கு வருகிறவர்களுக்கு அரசு மனநல மருத்துவர்கள் மருந்தும் தருகிறார்கள். பிரார்த்தனையும் மருந்தும் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

15. பார்த்துக்கொள்கிறவருக்கு வாரத்தில் அரை நாள் லீவு கொடுங்கள். இதைக் கடைசியில் எழுதியிருந்தாலும் நாங்கள் முதலிலேயே செய்திருக்க வேண்டியது இதைத்தான். எட்டு மாதம் நான் ஒருத்தியே ஓடினேன். ஒருநாள் ரசம் கொட்டியதற்கு அம்மாவிடம் கத்திவிட்டு, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அன்று இரவு தம்பிக்கு ஃபோன் செய்தேன். "ஏங்க்கா இவ்வளவு நாள் சொல்லலை?" என்றான். அவனாகத் தெரிந்துகொள்வான் என்று காத்திருந்தது என் தவறு. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவன் திருச்சியிலிருந்து காலை பஸ்ஸில் வந்துவிடுவான். மாத்திரை எப்போது, மதியம் என்ன சமையல், யாருக்கு ஃபோன் செய்வது என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தேன். முதல் வாரம் எங்கேயும் போகவில்லை. பக்கத்துத் தெருவில் சித்தி வீட்டுக்குப் போய், மின்விசிறியைப் போட்டுக்கொண்டு நாலு மணி நேரம் தூங்கினேன்.