ஃபைபர் டாப்புல விரிசலா? கிளைம் போடறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

ஜீப், தார் மாதிரி வண்டிக்கு வெளியில ஃபைபர் டாப் போட்டிருக்கீங்களா? விரிசல் விழுந்ததும் "இன்சூரன்ஸ்தான் இருக்கே"ன்னு கிளம்பிடாதீங்க.

முதல்ல விரிசலோட ஆழத்தைப் பாருங்க. மேல்பூச்சுல மட்டும் கோடுன்னா சின்ன வேலைதான். உள்பக்கமும் கோடு தெரிஞ்சா, தண்ணி கசிஞ்சா, உள்ளே இருக்கற கண்ணாடி இழையே உடைஞ்சிருக்குன்னு அர்த்தம். அப்போ விரிசலின் இரண்டு முனையிலும் சின்ன துளை போட்டு, அது மேலும் ஓடாம நிறுத்தணும். பிறகு தேய்ச்சு, ஃபைபர் மேட், ரெசின் வச்சு ஒட்டணும். போல்ட் பக்கத்துல விரிசல்னா தள்ளிப்போடாதீங்க. வண்டி குலுங்கக் குலுங்க நீளும்.

இப்போ கணக்கு. பட்டறை பில் 5,000 ரூபாய்னு வைப்போம். 1500 சிசிக்கு மேல உள்ள காருக்கு கம்பல்சரி டிடக்டிபிள் 2,000. மிஞ்சிப்போனா 3,000 கிடைக்கும்.

மூணு வருஷம் தொடர்ந்து கிளைம் இல்லைன்னா நோ கிளைம் போனஸ் 35%. ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000ன்னா, தள்ளுபடி 4,200. மூணாவது வருஷம் கிளைம் போட்டா, போனஸைக் காப்பாத்தற ஆட்-ஆன் இல்லாத பாலிசியில அது பூஜ்யம். 3,000 வாங்க 4,200 இழக்கறோம்!

டாப் மொத்தமா உடைஞ்சா கிளைம்தான் சரி. ஆனா சாதாரண பாலிசியில ஃபைபர் கிளாஸ் பாகத்துக்கு 30% தேய்மானம் கழியும். அதோட, வெளியில போட்ட டாப்பை பாலிசியில சேர்த்து பிரீமியம் கட்டியிருக்கணும். இன்னைக்கே பாலிசியைத் திறந்து அதைச் சரிபாருங்க.