ஜெயித்தது யார்? கணக்கு சொல்லும்!
(ரிமோட் கார் பந்தயமும் மதிப்பெண் விதிகளும்)



திருவிழாக் கடையில் விற்கிற ரிமோட் காரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது சின்னப் பசங்க விளையாட்டு என்றுதானே நினைக்கிறோம்? பல நாடுகளில் பெரியவர்களே இந்தக் காரை வைத்துப் பந்தயம் விடுகிறார்கள். இதற்கு உலகச் சாம்பியன் போட்டியும் உண்டு. ஜப்பான் நாட்டு மசாமி ஹிரோசாகா என்பவர் 14 முறை உலகச் சாம்பியன் ஆனவர். இந்தப் பந்தயத்தின் விதிகளுக்குள் நம்ம கணக்குப் பாடமும் அறிவியல் பாடமும் ஒளிந்திருக்கின்றன. வாங்க, பார்க்கலாம்.

1. காரும் அலைவரிசையும்

பந்தயக் கார்களில் நிறைய 1/10 அளவில் இருக்கும். அதாவது நிஜக் கார் 4 மீட்டர் நீளம் என்றால், இது 40 செ.மீ. ஓட்டுபவர் ஓரத்தில் உயரமான மேடையில் நின்று கையில் உள்ள கருவியால் ஓட்டுவார். கருவியில் இருந்து ரேடியோ அலை போகும். முன்பெல்லாம் 27 மெகா ஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் ஓட்டினார்கள். இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் இருந்தால் என்ன ஆகும்? நான் திருப்பினால் உன் கார் திரும்பும்! அதனால் ஒரு பலகையில் அலைவரிசை எண்களை எழுதி வைத்து, ஒரு எண்ணுக்கு ஒருவர்தான் கருவியைப் போட வேண்டும் என்று விதி வைத்தார்கள். இப்போது 2.4 கிகா ஹெர்ட்ஸ் கருவிகள் வந்துவிட்டன. ஒவ்வொரு கருவியும் தன் காரோடு மட்டும்தான் பேசும். அந்தச் சண்டை தீர்ந்தது.

2. சுற்றா, நேரமா?

பேட்டரி கார் பந்தயம் பெரும்பாலும் 5 நிமிடம் நடக்கும். 5 நிமிடம் முடிந்ததும் உடனே நிறுத்த மாட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் சுற்றை முடிக்க விடுவார்கள். கோட்டைத் தாண்டும்போது காரில் உள்ள டிரான்ஸ்பாண்டர் என்ற சின்னக் கருவி, தரைக்கு அடியில் புதைத்த கம்பிக்குத் தன் எண்ணைச் சொல்லும். கம்ப்யூட்டர் நேரத்தைக் குறித்துக்கொள்ளும்.

உதாரணம்:
அ கார்: 21 சுற்று, 5 நிமிடம் 12 வினாடி
ஆ கார்: 20 சுற்று, 5 நிமிடம் 1 வினாடி

ஆ தானே குறைந்த நேரம்? ஆனால் ஜெயித்தது அ. விதி இதுதான்: முதலில் சுற்றைப் பார், சுற்று சமமானால் மட்டும் நேரத்தைப் பார். இது நியாயமா என்று யோசித்துப் பாருங்கள். அ கார் தன் 20ஆவது சுற்றை 5 நிமிடத்துக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்கு 21ஆவது சுற்றே கிடைத்திருக்காது. ஆ கார் 20ஆவது சுற்றை முடித்தது 5 நிமிடம் 1 வினாடியில். அப்படின்னா 20ஆவது சுற்றிலேயே அ முந்திவிட்டது. விதி சரிதான்!

3. எனக்குப் பிடித்த விதி

ஒரு பந்தயம் ஓட்டி முடித்தவர்கள் வீட்டுக்குப் போகக் கூடாது. அடுத்த பந்தயத்துக்கு மார்ஷலாகத் தடத்தின் ஓரம் நிற்க வேண்டும். யார் கார் கவிழ்ந்தாலும் ஓடிப்போய் நிமிர்த்த வேண்டும், அது தன் போட்டியாளர் காராக இருந்தாலும். நிற்காதவருக்குத் தண்டனை உண்டு. விளையாடியவரே அடுத்தவருக்கு உதவ வேண்டும் என்பதை நம் விளையாட்டு விழாவிலும் வைக்கலாம் இல்லையா?

4. மதிப்பெண் பட்டியல்

ஒரே பந்தயம் என்றால் முதலில் வந்தவர் ஜெயித்தார், அவ்வளவுதான். தொடர் என்றால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்ட வேண்டும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. இதற்கு நிஜக் கார் பந்தயமான பார்முலா 1 நல்ல உதாரணம்.

நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதே ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில், டயர் பிரச்சினையால் 14 கார்கள் விலகிவிட்டன. 6 கார்கள் மட்டும் ஓடின. நரேன் 4ஆவதாக வந்தார். அப்போதைய பட்டியல் 10, 8, 6, 5, 4, 3, 2, 1. ஆகவே அவருக்கு 5 மதிப்பெண். 1988 பட்டியலாக (9, 6, 4, 3, 2, 1) இருந்தால் 3தான். 2010இல் வந்த பட்டியலாக (25, 18, 15, 12...) இருந்தால் 12! ஓட்டியது ஒன்றுதான், பட்டியல் மாறினால் எண் மாறுகிறது. "ஆறு பேர்தானே ஓடினார்கள்" என்று சிலர் சொல்லலாம். ஆனால் விதி, கடைசி வரை ஓடி முடித்தவரைத்தான் பார்க்கும்.

5. மோசமானதைக் கழிக்கும் விதி

1988இல் 16 பந்தயங்கள். ஆனால் ஒருவருடைய சிறந்த 11 மட்டும்தான் கணக்கு. பிரான்ஸ் நாட்டு புரோஸ்ட், பிரேசில் நாட்டு சென்னா இருவருக்கும் போட்டி.

புரோஸ்ட்: 7 முதலிடம், 7 இரண்டாமிடம். 63 + 42 = 105
சென்னா: 8 முதலிடம், 3 இரண்டாமிடம், ஒரு நான்காமிடம், ஒரு ஆறாமிடம். 72 + 18 + 3 + 1 = 94

மொத்தத்தில் புரோஸ்ட் பெரியவர். சிறந்த 11 எடுத்தால்?
புரோஸ்ட்: 63 + 24 = 87
சென்னா: 72 + 18 = 90

சாம்பியன் சென்னா! புரோஸ்டுக்கு வருத்தமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் விதி முதல் பந்தயத்துக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். அதனால் ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது.

6. சமமாக வந்தால்?

2008இல் இங்கிலாந்தின் ஹாமில்டன் 98, பிரேசிலின் மாசா 97. ஆனால் முதலிடம் அதிகம் வாங்கியது மாசாதான் (6, ஹாமில்டன் 5). கடைசிப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில்தான் ஹாமில்டன் ஒருவரை முந்தி 5ஆவது இடம் பிடித்தார். முந்தாமல் 6ஆவதாக வந்திருந்தால் இருவரும் 97. சமமானால் முதலிடம் அதிகம் உள்ளவருக்கே பட்டம் என்பது விதி. மாசா சாம்பியன் ஆகியிருப்பார்!

7. இது நமக்கு எதற்கு?

இந்த ஆண்டு அறிவியல் மன்றத்தில் மாதம் ஒன்றாக ஆறு வினாடி வினா நடக்கப் போகிறது. மொத்த மதிப்பெண்ணைக் கூட்டிப் பரிசு தரலாம் என்று பேச்சு. கல்வராயன் மலையில் இருந்து வருகிற நம் தோழிகளை நினைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பஸ் நின்றுவிட்டால் அன்றைக்கு அவர்களுக்குப் பூஜ்யம். அறிவுக்குப் பூஜ்யமா, பஸ்ஸுக்குப் பூஜ்யமா?

அதனால் ஆறில் சிறந்த ஐந்தை மட்டும் எடுக்கலாம் என்பது என் கருத்து. இதிலும் குறை இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆறுக்கும் தவறாமல் வந்து நன்றாகச் செய்தவருக்கு, புரோஸ்டுக்கு ஆனது போல ஒரு நல்ல மதிப்பெண் வீணாகும். அதற்காக, சமமாக வந்தால் ஆறுக்கும் வந்தவருக்கே பரிசு என்று வைத்துவிடலாம். எந்த விதி என்றாலும் முதல் வினாடி வினாவுக்கு முன்பே தகவல் பலகையில் எழுதிவிட வேண்டும். நடுவில் மாற்றினால் அது விதி இல்லை, வம்பு.

நீங்களே செய்து பாருங்கள்!

நம்ம ஊர்ப் பெயரில் மூன்று ரிமோட் கார்கள், நான்கு பந்தயங்கள். மதிப்பெண் 5, 3, 1. ஓடி முடிக்காவிட்டால் 0.

கோமுகி: 5, 0, 5, 3
மேகம்: 3, 3, 3, 5
பெரியார்: 1, 5, 1, 1

(அ) மொத்தம் கூட்டினால் சாம்பியன் யார்?
(ஆ) சிறந்த மூன்று மட்டும் என்றால் யார்?
(இ) நீங்கள் நடுவராக இருந்தால் எந்த விதி வைப்பீர்கள்? ஏன்? ஒரு துண்டுத் தாளில் எழுதி இந்தத் தாளின் பக்கத்தில் ஒட்டுங்கள். பெயர் எழுத வேண்டாம், காரணம் எழுதுங்கள்.

விடை: (அ) மேகம் 14, கோமுகி 13. (ஆ) கோமுகி 13, மேகம் 11. (இ) உங்கள் கையில்!


ஒன்பதாம் வகுப்பு மாணவி