ஸ்மோக்கர் அடுப்பில் கோழி: வெப்பம் ஏன் சீராக இருக்கவேண்டும்?

கோடைகால வார இறுதிகளுக்குப் பிறகு வயிற்றோட்டம், வாந்தி என்று வருபவர்களிடம் நாம் முதலில் கேட்பது, சனி ஞாயிறு என்ன சாப்பிட்டீர்கள் என்பதைத்தான். கனடாவில் எம்மவர் பலர் இப்போது பாபிகியூ போதாதென்று, புகையில் மெதுவாக வேகவைக்கும் ஸ்மோக்கர் அடுப்பும் வாங்கியிருக்கிறார்கள். நல்ல சுவைதான். ஆனால் அதற்குக் கொஞ்சம் கவனம் தேவை.

இவ்வடுப்பின் வெப்பம் 110 முதல் 150 பாகை செல்சியஸ் வரை இருக்கவேண்டும். அது இறங்கினால் இறைச்சியின் உட்பகுதி 4 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் நெடுநேரம் கிடக்கும். கிருமிகள் விரைவாகப் பெருகுவது இந்த இடைவெளியில்தான். கடைசியில் நன்றாகச் சூடாக்கினால் சரிதானே என்பார்கள். சல்மொனெல்லா செத்துவிடும், உண்மை. ஆனால் எமது கைகளிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டஃபிலோகொக்கஸ் கிருமி இறைச்சியில் பெருகினால், அது உண்டாக்கும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் முற்றாக அழியாது. உறைந்த கோழியை நேரே அடுப்பில் வைக்கக்கூடாது என்பதும் இதனால்தான்.

வெப்பம் தளம்புவதற்குப் பழைய சாம்பலும் ஒரு காரணம். அது கீழ்த்துவாரங்களை அடைத்தால் கரிக்குக் காற்றுப் போகாது. ஒவ்வொரு முறையும் ஆறிய சாம்பலை அள்ளிவிடுங்கள். தேங்கிய கொழுப்பையும் சுரண்டுங்கள், அது தீப்பற்றும். மேல்துவாரத்தைத் திறந்தே வைத்து, கீழ்த்துவாரத்தைச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். ஊரில் ஊதுகுழலால் அடுப்பூதிப் பழகிய எமக்கு, காற்றைக் குறைத்துச் சமைப்பது முதலில் விநோதமாகத்தான் இருக்கும்! தட்டில் தண்ணீர் வைத்தால் சூடு அதிகம் ஏறியிறங்காது. கரி போதாவிட்டால் வேறாக மூட்டிய தணலையே சேருங்கள். மூடியை அடிக்கடி திறக்க வேண்டாம்.

மூடியிலுள்ள வெப்பமானி இறைச்சியின் சூட்டைக் காட்டாது. குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். கோழித் துண்டுகளுக்கு 74 பாகை, முழுக்கோழிக்கு 82 பாகை என்பது கனடிய சுகாதாரத் திணைக்களத்தின் அளவு. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புகையில் வெந்த கோழி உள்ளே சிவந்திருப்பது வழமை.

மழை வந்ததென்று அடுப்பைக் கராஜுக்குள் இழுக்கவே கூடாது, கதவு திறந்திருந்தாலும்தான். கரி அணைந்ததுபோல் தெரிந்தாலும் காபனோரொட்சைட்டு வந்துகொண்டிருக்கும். அதற்கு மணமில்லை. அடுப்பு எரியும்போது வீட்டில் பலருக்கு ஒரேநேரத்தில் தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம் ஏற்பட்டால் எல்லோரும் உடனே வெளியே வந்து 911ஐ அழையுங்கள்.