கணிப்பொறி சொன்ன குதிரைத்திறன்

(மூன்றாமாண்டு, இயந்திரவியல்)

இன்ஜின் சிமுலேஷன் மென்பொருளை வைத்து ஒரு வேகப்படகு இன்ஜினின் திறனைக் கணக்கிட்டது எங்கள் இறுதியாண்டு பிராஜெக்ட். அதில் நாங்கள் கற்றதும், நான் செய்த ஒரு பெரிய தவறும் அடுத்து வரும் தம்பி, தங்கைகளுக்குப் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எந்த இன்ஜின்?

நம் வெப்ப ஆய்வகத்தில் இருப்பது ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின், கயிறு பிரேக் டைனமோமீட்டர். அதையே எல்லா பேட்சும் அளக்குது, நாம வேற ஏதாவது பண்ணுவோம் என்று மூன்று பேரும் முடிவு செய்தோம். எடுத்துக்கொண்டது செவர்லே 454. 1970ல் அமெரிக்கக் கார்களுக்காக வந்த இந்த வி-8 பெட்ரோல் இன்ஜின், பிறகு அங்குள்ள வேகப்படகுகளில் ஏராளமாகப் பொருத்தப்பட்டது. போர் 107.95 மி.மீ., ஸ்ட்ரோக் 101.6 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 7.44 லிட்டர்.

மென்பொருள் என்ன செய்கிறது?

மந்திரம் ஒன்றுமில்லை. நாம் வகுப்பில் ஓட்டோ சுழற்சிக்குப் போடும் கணக்கைத்தான், கிராங்க் ஒவ்வொரு பாகை திரும்பும்போதும் போடுகிறது. வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு காற்று உள்ளே போனது, எரிந்தபின் அழுத்தம் என்ன, உராய்வில் எவ்வளவு போனது என்று கூட்டிக்கொண்டே வருகிறது.

இதில் இரண்டு வகை. சிலிண்டரை ஒரு பாத்திரமாக எண்ணி நிரப்புவதும் காலி செய்வதுமாகக் கணக்கிடுவது எளிய வகை. 1990களில் வந்த டெஸ்க்டாப் டைனோ இந்த இனம். குழாய்க்குள் ஓடும் அழுத்த அலைகளையும் சேர்த்துக் கணக்கிடுவது இன்னொரு வகை. தொழிற்சாலைகள் பயன்படுத்தும் ஜிடி-பவர், ரிக்கார்டோ வேவ், ஏவிஎல் பூஸ்ட் ஆகியவை இந்த இனம். ஸ்பெயினின் வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் உருவான ஓபன்வாம் இதே இனத்தில் இலவசமாகக் கிடைப்பது. நாங்கள் பயன்படுத்தியது எளிய வகை.

நான் செய்த தவறு

எண்களை டைப் செய்தது நான்தான். ஓட்டிப் பார்த்ததும் திரையில் 6000 ஆர்.பி.எம்.மில் 530 எச்.பி. என்று வந்தது. மூவருக்கும் தலைகால் புரியவில்லை. "மச்சி, சூப்பர்டா!" என்று அன்றே அறிக்கையை டைப் செய்து பைண்டிங்கும் போட்டுவிட்டோம்.

வைவாவுக்கு நான்கு நாள் முன்பு வழிகாட்டி ஆசிரியரிடம் கொண்டுபோனோம். சார் முதல் பக்கம் பார்த்தார், கிராஃப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்ப்பா, இது வெட்டவெளியில ஸ்டாண்டுல வெச்சு ஓட்டற இன்ஜினா, படகுக்குள்ள மூடி வெச்ச இன்ஜினா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. "எண் பொய்னு நான் சொல்லல. இது வேற ஒரு இன்ஜினோட உண்மை. போய்ப் பாருங்க" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று இரவு ஹாஸ்டலில் ஒரே வாக்குவாதம். "டேய், எக்ஸாமினருக்கு எங்கடா தெரியப்போகுது? மறுபடி பைண்டிங்குக்குக் காசு யார் தர்றது?" என்றான் ஒருவன். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மெஸ் பில்லே பாக்கி. ஆனால் தவறு என்று தெரிந்தபின் அந்த எண்ணின் கீழ் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. மறுபடி உட்கார்ந்தோம்.

திரையை நம்பும் முன் கையால் ஒரு கணக்கு

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

கிலோவாட் = சராசரி பயன் அழுத்தம் (பார்) × கொள்ளளவு (லிட்டர்) × ஆர்.பி.எம். ÷ 1200

முதலில் நம் ஆய்வக டீசலிலேயே போட்டுப் பார்த்தோம். போர் 80, ஸ்ட்ரோக் 110 மி.மீ. என்றால் 0.553 லிட்டர். 1500 ஆர்.பி.எம்.மில் 3.7 கிலோவாட், அதாவது 5 எச்.பி. அழுத்தம் 5.35 பார் வருகிறது. கயிறு பிரேக்கில் நாமே அளந்து பார்க்கக்கூடிய எண் இது. எனவே சூத்திரத்தில் நம்பிக்கை வந்தது.

இப்போது 454. எங்கள் 530 எச்.பி. என்பது 395 கிலோவாட். கணக்குப்படி அழுத்தம் 10.6 பார். நடக்கவே முடியாததல்ல. ஆனால் அதற்கு 6000 ஆர்.பி.எம்.மிலும் சிலிண்டர் கிட்டத்தட்ட 95 விழுக்காடு நிரம்ப வேண்டும். சாதாரண கேம்ஷாஃப்ட் போட்ட படகு இன்ஜினில் அது எப்படி நடக்கும்? இங்கேதான் சந்தேகம் பிடித்தது.

நான்கு திருத்தங்கள்

ஒன்று, கேம்ஷாஃப்ட். கேமின் அட்டையில் இரண்டு எண்கள் இருக்கும். வால்வு இருக்கையை விட்டு எழுவது முதல் திரும்ப உட்காருவது வரை 262 பாகை, 1.27 மி.மீ. தூக்கத்தில் அளந்தால் 212 பாகை. மென்பொருள் கேட்டது இரண்டாவது எண். நான் கொடுத்தது முதலாவது! அது பந்தயக் கேம் என்று நினைத்துக்கொண்டு உச்சத்தை 6000க்குத் தள்ளிவிட்டது.

இரண்டு, எக்ஸாஸ்ட். நான் தேர்ந்தெடுத்தது திறந்த ரேஸ் ஹெடர். படகிலோ எக்ஸாஸ்ட் மானிஃபோல்டைச் சுற்றி நீர் ஓடும். பிறகு அந்த நீரே புகையோடு கலந்து வெளியேறும். இதனால் பின்னழுத்தம் கூடும். வால்வு ஓவர்லாப் அதிகமுள்ள கேமைப் போட்டால் அந்த நீரையே சிலிண்டர் உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. படகு இன்ஜினுக்குப் பந்தயக் கேம் லேசில் ஒத்துவராததற்கு இதுதான் காரணம்.

இவ்விரண்டையும் திருத்தியதும் விடை 5000 ஆர்.பி.எம்.மில் 415 எச்.பி., 10 பார். காற்றுக் கணக்கிலும் சரிபார்த்தோம். 5000ல் இன்ஜின் இழுக்கக்கூடியது நிமிடத்துக்கு 18.6 கன மீட்டர். 85 விழுக்காடு நிரம்பினால் 15.8 கன மீட்டர், ஏறத்தாழ 18.5 கிலோ காற்று. 12.5க்கு 1 என்ற கலவையில் மணிக்கு 89 கிலோ பெட்ரோல். ஒரு கிலோவாட்-மணிக்கு 300 கிராம் என்று வைத்தால் 296 கிலோவாட், அதாவது 397 எச்.பி. இரண்டு வழியும் 5 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போனது. அப்பாடா!

மூன்று, காற்றின் சூடு. மென்பொருளில் இருந்தது 25 டிகிரி. மூடிய இன்ஜின் அறையில் 45 டிகிரி என்று வைத்தோம். அடர்த்தி 298 வகுத்தல் 318, அதாவது 0.937 மடங்கு. 415 இப்போது 389. கடல் காற்றின் ஈரப்பதம் இன்னும் கொஞ்சம் குறைக்கும்.

நான்கு, எந்த இடத்தில் அளக்கிறோம்? மென்பொருள் சொல்வது ஃப்ளைவீலில். படகு இன்ஜினுக்கான ஐ.எஸ்.ஓ. 8665 தரம் புரொப்பல்லர் தண்டில் கிடைக்கும் திறனைப் பார்க்கிறது. கியர் இழப்பு 6 விழுக்காடு என்று வைத்தோம். முடிவில் தண்டில் 366 எச்.பி.

530 எங்கே, 366 எங்கே!

இதனால் என்ன குடி முழுகிவிடும்?

அப்படித்தான் நாங்களும் கேட்டோம். சார் புரொப்பல்லரைக் கணக்கிடச் சொன்னார். புரொப்பல்லர் கேட்கும் திறன் ஏறத்தாழ ஆர்.பி.எம்.மின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 530ஐ நம்பி, தண்டில் 498 எச்.பி.யை 6000ல் உண்ணும் புரொப்பல்லர் வாங்கினால், அது 5000ல் கேட்பது 288 மட்டுமே. நம்மிடம் இருப்பதோ 366. ஆகவே இன்ஜின் 5000ஐத் தாண்டி ஓடும். ஆனால் 6000ஐ எட்ட வலு இல்லை. தன் உச்சத்தைக் கடந்து நடுவில் எங்கோ நின்று நாளெல்லாம் கத்திக்கொண்டிருக்கும். பிஸ்டனின் சராசரி வேகம் 5000லேயே விநாடிக்கு 16.9 மீட்டர்; அதற்கு மேலும் ஏறும். கார் என்றால் இறக்கத்தில் ஓய்வு உண்டு. படகுக்கு இறக்கமே கிடையாது, எப்போதும் மேடு ஏறுவது போலத்தான். கடலுக்கு நடுவில் இன்ஜின் உடைந்தால் ஓரமாக நிறுத்தி இறங்கி நடக்க முடியுமா?

வேகமும் ஏமாற்றும். எடை மாறாவிட்டால், நீரின் மேல் வழுக்கி ஓடும் படகின் வேகம் திறனின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும் என்பது அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ஜார்ஜ் கிரவுச்சின் பெயரால் வழங்கும் எளிய விதி. 498ஐ வைத்து மணிக்கு 100 கி.மீ. என்று வாக்குக் கொடுத்தவர், 366ல் 86தான் காண்பார்.

நிறைவாக

மறுபடி பைண்டிங் போட்டோம். செலவை மூவரும் பங்கு போட்டுக்கொண்டோம்; வேண்டாம் என்றவன்தான் முதலில் பணம் எடுத்தான். வைவாவில் எக்ஸாமினர், "இந்த 366 எங்கிருந்து வந்தது?" என்றுதான் தொடங்கினார். முதலில் வந்த 530 முதல் ஒவ்வொரு படியாகச் சொன்னோம், என் தவறையும் சேர்த்து. அவர் அதிகம் பேசவில்லை. "அந்தக் கேம் அட்டையைக் காட்டுங்க" என்று கேட்டு வாங்கிப் பார்த்தார். அதுவே எங்களுக்குப் பெரிய பாராட்டு.

நண்பர்களே, மென்பொருள் நாம் கேட்டதற்குத்தான் பதில் சொல்லும். கேள்வி தப்பா இருக்குன்னு அது நம்மை எச்சரிக்காது. திரையில் எண் வந்ததும் ஒரு துண்டுத்தாளை எடுங்கள். எந்த இடத்தில் அளந்தது, எந்தக் காற்றில், எந்த எக்ஸாஸ்ட்டில் என்று எழுதுங்கள். அழுத்தத்தைக் கையால் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். நாங்கள் அதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு பைண்டிங் செலவு மிஞ்சியிருக்கும்!