கடைசிச் சீட்டும் பந்தயத்தின் அளவும்

நம் சங்க இதழுக்கு அறிவியல் கட்டுரை ஒன்று வேண்டுமென இதழ்க் குழுவினர் கேட்டபோது, புள்ளியியலில் எதைப் பற்றி எழுதலாம் என்று சில நாள் எண்ணினேன். மழையளவு, விளைச்சல், மக்கள் தொகை எனத் தலைப்புகள் பல தோன்றின. ஆயினும், நான் விலை கொடுத்துக் கற்ற பாடம் ஒன்றே ஒன்றுதான். அது சீட்டாட்டத்தில் கற்றது. சூதைக் கடிவதற்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மொழியில் இதனை எழுதுவதற்குச் சற்றுத் தயக்கம் உண்டு. ஆடத் தூண்டுவது என் நோக்கமன்று. எண்ணத் தூண்டுவதே நோக்கம் என்று முதலிலேயே கூறிவிடுகிறேன்.

ஆட்டத்தின் அமைப்பு

போக்கர் வகைகளுள் இன்று பெரிதும் ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். நடுவே ஐந்து பொதுச் சீட்டுகள் விரிக்கப்படும்; முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்தே ஒருவரின் வலிமை. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம். கட்டியவையெல்லாம் நடுவில் ஒரு குவியலாகச் சேரும். எதிரி கட்டினால், நாம் ஈடாகக் கட்டலாம், கூட்டிக் கட்டலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகலாம்.

ஐந்தாம் பொதுச் சீட்டை ஆட்டக்காரர் 'ரிவர்' என்பர். அது விழுந்தபின் வேறு சீட்டு வராது. யார் வலியவர் என்பது அப்போதே முடிவாகிவிட்டது. அதை ஒருவரும் அறியார், அவ்வளவே. இனி எஞ்சியிருப்பது எதிரியின் கையும் மனமும். எவ்வளவு கட்டுவது என்ற வினா இங்கேதான் கூர்மை பெறுகிறது.

இரண்டு சிறு கணக்குகள்

குவியலில் 100 விதைகள் இருப்பதாகக் கொள்வோம். நம் விடுதியில் நாங்கள் ராஜ்மா விதைகளை வைத்தே ஆடுகிறோம். ஆதலின் விதைக் கணக்கே சொல்கிறேன்.

நான் 100 கட்டினால், எதிரி 100 கொடுத்து 200 பெற முயல்கிறார். மூன்றில் ஒரு முறை வென்றாலே அவருக்கு நட்டமில்லை. நான் 50 கட்டினால் நான்கில் ஒரு முறை போதும். 200 கட்டினால் ஐந்தில் இரு முறை வேண்டும். பந்தயம் பெருகப் பெருக, ஈடுகட்டுவதற்கு அவருக்கு வலிய சீட்டு தேவைப்படுகிறது.

மறுபக்கம், ஒன்றுமில்லாத கையோடு நான் கட்டினால் அது பொய்ப்பந்தயம். 50 கட்டினால், மூன்றில் ஒரு முறை அவர் கவிழ்த்தாலே எனக்குக் கட்டுபடியாகும். 100 கட்டினால் இரண்டில் ஒரு முறை கவிழ்க்க வேண்டும். 200 எனில் மூன்றில் இரு முறை.

எதிரிகள் இருவகை

ஒருவரை 'விடாக்கண்டர்' என்று அழைப்போம். எதைக் கட்டினாலும் பார்த்துவிடத் துடிப்பவர் அவர். எடுத்துக்காட்டாக, 30 விதைக்குப் பத்தில் ஒன்பது முறையும், 100 விதைக்கு ஏழு முறையும், 200 விதைக்கு ஐந்து முறையும் ஈடுகட்டுகிறார் என்க. வெல்ல முடியாத கை என்னிடம் இருந்தால், சராசரியாக எனக்குக் கூடுதலாகக் கிடைப்பவை முறையே 27, 70, 100. ஆகவே அவரிடம் பெரிதாகக் கட்டுவதே அறிவு. பொய்ப்பந்தயமோ பயன்படாது, 100 விதைப் பொய்க்குச் சராசரி நட்டம் 40.

மற்றவர் 'அஞ்சுகண்டர்'. 30 விதைக்குப் பத்தில் ஆறு முறையும், 100 விதைக்கு ஒரு முறையும் மட்டுமே ஈடுகட்டுபவர். நல்ல கையோடு 30 கட்டினால் 18 கிடைக்கும். 100 கட்டினால் 10தான் கிடைக்கும். இங்கே சிறு பந்தயமே பெரும் பயன் தருகிறது. ஆனால் ஒன்றுமில்லாத கையோடு 100 கட்டினால் சராசரியாக 80 விதை ஆதாயம்!

ஒரே சீட்டு, ஒரே குவியல். ஆள் மாறியதும் விடை தலைகீழாகிறது. பந்தயத்தின் அளவு என் சீட்டில் எழுதப்பட்டிருக்கவில்லை. எதிரே இருப்பவரிடம் எழுதப்பட்டிருக்கிறது.

நான் தோற்ற இரவு

இந்த உண்மையை அறியாமல் நான் ஆடினேன். தில்லிக்கு வந்த முதற் குளிர்காலம் அது. மொழி பழகவில்லை, நண்பர்கள் அமையவில்லை. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், போர்வைக்குள் கைபேசியோடு இரவுகள் கழிந்தன. என் கையில் ஏஸும் ஒன்பதும். பொதுச் சீட்டிலும் ஏஸும் ஒன்பதும் விழுந்து இரண்டு ஜோடிகள் அமைந்தன. கடைசிச் சீட்டாக மூன்றாவது ஆட்டின் வந்தது. குவியலில் 1,200 ரூபாய். 'பெரிய கை, பெரிய பந்தயம்' என்று 2,400 கட்டினேன். எதிரி பலமுறை கவிழ்த்து விலகியவர். அன்று ஈடுகட்டினார். அவரிடம் ஆட்டின் ஐந்தும் சேர்ந்திருந்தன. போனது என் ஒரு மாத உணவுக் கட்டணம்.

அது தீவினைப் பயன் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். கணக்கிட்டபோதுதான் பிழை தெரிந்தது. அஞ்சுபவரிடம் பெரும் பந்தயம் கட்டினால் என்னிலும் தாழ்ந்த கைகளெல்லாம் கவிழும். என்னை வெல்லும் கைகள் மட்டுமே நிற்கும். ஈடுகட்டும் கைகளுள் பாதிக்கு மேல் நம்மிலும் தாழ்ந்தவையாக இருந்தால்தான் நல்ல கையின் பந்தயத்திற்குப் பொருள் உண்டு. நான் கேட்டிருக்க வேண்டிய வினா, 'என் கை எவ்வளவு நல்லது?' என்பதன்று, 'இந்தத் தொகைக்கு எந்தக் கைகள் நிற்கும்?' என்பதே.

மூன்றாமவர்

இன்னொரு வகையினரும் உண்டு. அவர் நம்மைக் கவனிப்பவர். அஞ்சுகண்டரிடம் நல்ல கைக்குச் சிறிதும் பொய்க்குப் பெரிதுமாகக் கட்டினோம் அல்லவா? அதே முறையை இவரிடம் கையாண்டால், அளவைப் பார்த்தே நம் சீட்டைப் படித்துவிடுவார்.

இவருக்கு மருந்து, நல்ல கைக்கும் பொய்க்கும் ஒரே அளவு கட்டுவது. குவியலளவு கட்டும்போது இரண்டு மெய்க்கு ஒரு பொய். பாதியளவுக்கு மூன்று மெய்க்கு ஒரு பொய். இருமடங்குக்கு மூன்று மெய்க்கு இரண்டு பொய். இவ்விகிதத்தில் கலந்தால், அவர் ஈடுகட்டினாலும் கவிழ்த்தாலும் ஒன்றே. இத்தகைய கலப்பு உத்திகளுக்கு அடிப்படைத் தேற்றத்தை ஜான் வான் நாய்மன் 1928 இல் நிறுவினார். 1944 இல் மார்கன்ஸ்டர்னுடன் எழுதிய நூலில் போக்கரையும் ஆராய்ந்தார். பொய்யை நடுத்தரக் கையோடு அன்று, மிகத் தாழ்ந்த கையோடு சொல்ல வேண்டும் என்பது அவர் கண்ட அரிய முடிவு. நடுத்தரக் கை சீட்டைத் திறந்தாலே சில முறை வெல்லுமன்றோ? 2017 இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல், தேர்ந்த ஆட்டக்காரர் நால்வரை 1,20,000 ஆட்டங்களில் வென்றது. குவியலை மிஞ்சிய பந்தயங்களும் அதன் கருவிகளுள் அடங்கும்.

ஓர் எச்சரிக்கை

எதிரி எவ்வகையினர் என்று எப்படி அறிவது? பத்து முறையில் ஆறு முறை கவிழ்த்தார் என்றால், அவர் இயல்பு 60 விழுக்காடு என்று துணிந்துவிடக் கூடாது. அந்த மதிப்பீட்டின் திட்டப்பிழை ஏறக்குறைய 15 விழுக்காடு. நூறு முறை பார்த்தால்தான் அது 5 ஆகக் குறையும். கடைசிச் சீட்டு வரை நின்று நம் பந்தயத்திற்கு ஒருவர் விடை தருவதோ அரிது. இரண்டு மூன்று முறை கண்டதும் 'இவர் இன்னார்' என்று முத்திரை குத்துவது, ஆட்டத்தில் மட்டுமன்றி, விடுதி வாழ்விலும் நாம் செய்யும் பிழை.

பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நாடெங்கும் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதற்குச் சில திங்கள் முன்பே நான் நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஆட்டத்தை நடத்துபவர் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். சமவலிமை உடைய இருவர் நெடுநாள் ஆடினால் இருவருமே தோற்பர். அந்த எதிரிக்கு எதிராகச் சரியான அளவு ஒன்றே; அது சுழி.

இப்போது ஞாயிறு மாலைகளில் ராஜ்மா விதைகளோடு ஆடுகிறோம். என் அறைத்தோழர் மதுரைக்காரர், தேர்ந்த விடாக்கண்டர். சென்ற வாரம் ஒன்றுமில்லாத கையோடு அவரிடம் 80 விதை கட்டினேன். உடனே ஈடுகட்டிவிட்டு, "ஏம்ப்பா, நீ எழுதுன கட்டுரைய நீயே படிக்க மாட்டியா?" என்றார்.

நண்பர்களே, அன்று 2,400 ரூபாயை இழந்த இரவில், எதிரே ஒருவர் என்னைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார் என்பதை நான் எண்ணவில்லை. தன் கையைப் பார்த்தே அளவை முடிவுசெய்பவன் இவன் என்று அவர் அறிந்திருக்க வேண்டும். எதிரி எவ்வகையினர் என்று ஆராயுமுன், அவர் கண்ணில் நாம் எவ்வகையினர் என்று கேட்டுக்கொள்வது நன்று. அக்கேள்விக்கு விடை கண்ட நாளில்தான் நான் கைபேசியைக் கீழே வைத்தேன்.